எண்ணெயின் வலிமையும் விமானியின் விழிப்பும்



நம் முன்னோர் ரஜுலா போன்ற கப்பல்களில் ஏறி, பல நாள் கடலில் ஆடி அசைந்து இக்கரைக்கு வந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று சாங்கி நிலையத்தில் விமானம் ஏறி, சில மணி நேரத்தில் சென்னையில் இறங்குகிறார்கள். நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள அந்த விமானத்தை, இருக்கையில் அமர்ந்தபடியே ஒரு மனிதர் எப்படித் திருப்புகிறார், எப்படி நிறுத்துகிறார்? இதைத்தான் இன்றைய உரையில் பார்க்கப் போகிறோம்.

கதை தேக்காவில் தொடங்குகிறது. அங்கே ரேஸ் கோர்ஸ் சாலை என்று ஒரு சாலை உண்டு. அதை ஒட்டிய ஃபேரர் பார்க்கில் 1933ஆம் ஆண்டுவரை குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. சிங்கப்பூரில் முதல் விமானம் பறந்தது அந்தத் திடலில்தான். 1911 மார்ச் மாதத்தில் ஜோசப் கிறிஸ்டியான்ஸ் என்ற பெல்ஜிய நாட்டவர் அதை ஓட்டிக் காட்டினார்.

1919 டிசம்பர் 4ஆம் நாள், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்துகொண்டிருந்த ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்களின் விமானம் அதே திடலில் இறங்கியது. மரமும் துணியும் கொண்டு செய்த விமானம் அது. இறக்கையையும் வாலையும் அசைக்கும் கம்பிகளை விமானியின் கைப்பலம்தான் இழுத்தது. சக்கரத்துக்குப் பிரேக் கிடையாது. திடலோ சிறியது. அதனால் இறங்கும் வேளையில் பென்னட் என்ற இயந்திரத் தொழிலாளர் தம் இருக்கையை விட்டு வெளியேறி, விமானத்தின் முதுகின்மேல் சறுக்கி வால்பக்கம் போய் உட்கார்ந்தார். அவருடைய எடையால் வால் தாழ்ந்தது. தரையைத் தொட்டபின் சுமார் நூறு கஜத்திற்குள் விமானம் நின்றது. அன்று ஒரு மனிதரின் உடம்பே பிரேக்காக வேலை செய்தது!

விமானங்கள் பெருத்து, வேகமும் கூடியபோது கைப்பலம் போதவில்லை. அப்போது துணைக்கு வந்தது ஹைட்ராலிக் முறை, அதாவது திரவத்தின் அழுத்தத்தால் வேலை செய்யும் முறை. இது நமக்குப் புதியதன்று. தோட்டத்து லோரியின் பிரேக்கைக் காலால் மிதிக்கிறோம். குழாயில் உள்ள எண்ணெய் அந்த அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டு போகிறது. லோரியைத் தூக்கும் எண்ணெய் ஜாக்கியும் இதே வகைதான்.

மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் என்ற பிரெஞ்சு அறிஞர் இதை விளக்கினார். ஒரு சதுர அங்குலமுள்ள சிறு பிஸ்டனைப் பத்து ராத்தல் விசையால் அழுத்தினால், பத்துச் சதுர அங்குலமுள்ள பெரிய பிஸ்டன் நூறு ராத்தல் விசையுடன் நகரும்.

விமானத்தில் என்ஜின் சுழலும்போது பம்புகளும் சுழன்று எண்ணெயை அழுத்துகின்றன. லோரி டயரில் ஒரு சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 100 ராத்தல் அழுத்தம் இருக்கும். பெரும்பாலான பயணி விமானங்களின் எண்ணெய்க் குழாய்களில் அது 3,000 ராத்தல். ஏர்பஸ் ஏ380 விமானத்தில் 5,000 ராத்தல். இறக்கையின் மடிப்புகள், வால், சக்கரம், பிரேக் ஆகிய யாவும் இந்த அழுத்தத்தால் அசைகின்றன.

அப்படியானால் விமானியின் வேலை என்ன? மூன்று கணக்குகளை அவர் கண்காணிக்க வேண்டும்: எண்ணெய் எவ்வளவு இருக்கிறது, அழுத்தம் சரியாக இருக்கிறதா, சூடு ஏறுகிறதா? எண்ணெய் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். சூடு ஏறினாலோ அழுத்தம் விழுந்தாலோ, அதற்குரிய பம்பை நிறுத்திவிட்டு வேறு பம்பை நம்ப வேண்டியிருக்கும். பல விமானங்களில், என்ஜின்கள் அனைத்தும் நின்றுவிட்டால் ஒரு சிறு காற்றாடி வெளியே இறங்கி, எதிர்க்காற்றில் சுழன்று அவசர வலிமை தரும். முற்காலப் பெரிய விமானங்களில் இந்த மானிகளைப் பார்ப்பதற்கென்றே ஒரு பொறியாளர் விமானிகளின் பின்னால் அமர்ந்திருந்தார். 1989இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வாங்கிய போயிங் 747-400 வகையில் அவருடைய இருக்கை இல்லை. கணினியே கணக்கைப் பார்த்துத் திரையில் எச்சரிக்கிறது.

எண்ணெய் முழுவதும் போய்விட்டால்? 1985 ஆகஸ்ட் 12இல் ஜப்பானில் ஒரு போயிங் 747 விமானத்தின் பின்பகுதி பிளந்து, நான்கு ஹைட்ராலிக் அமைப்புகளும் வற்றின. 520 பேர் மாண்டனர், நால்வரே பிழைத்தனர். 1989 ஜூலை 19இல் அமெரிக்காவில் ஒரு டிசி-10 விமானத்தின் வால் என்ஜினில் சுழலும் தட்டு வெடித்து, மூன்று அமைப்புகளும் அறுந்தன. விமானிகள் மீதியிருந்த இரு என்ஜின்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்துமே விமானத்தைத் திருப்பி இறக்கினார்கள். 112 பேர் இறந்தாலும் 184 பேர் பிழைத்தனர். இதன் பிறகு, குழாய் உடைந்தாலும் எண்ணெய் முழுதும் வடிந்துவிடாமல் தடுக்கும் வால்வு அவ்வகை விமானங்களில் பொருத்தப்பட்டது. ஏ380 விமானத்திலோ இரண்டு எண்ணெய் அமைப்புகளோடு மின்சாரத்தால் இயங்கும் மாற்று ஏற்பாடும் உண்டு.

அந்த ஏற்பாட்டுக்குச் சோதனை சிங்கப்பூரிலேயே வந்தது. 2010 நவம்பர் 4ஆம் நாள் காலை, 469 பேருடன் சாங்கியிலிருந்து சிட்னிக்குக் கிளம்பிய குவாண்டாஸ் ஏ380 விமானத்தின் இரண்டாம் என்ஜின், பாத்தாம் தீவுக்கு மேலே வெடித்தது. சிதறிய துண்டுகள் இறக்கையைத் துளைத்தன. 'பச்சை' எனப்படும் எண்ணெய் அமைப்பு வற்றியது. 'மஞ்சள்' அமைப்பின் சில பம்புகளும் கெட்டன. எச்சரிக்கைச் செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் குவிந்தன.

அன்று விமானி அறையில் ஐவர் இருந்தனர். அவர்கள் பதறவில்லை. நம் தோட்டத்தில் காலையில் பெரட்டுக்குப் பேர் கூப்பிடுவதுபோல, ஒவ்வொரு பாகமாகக் கேட்டுச் சரிபார்த்தனர். அதற்குச் சுமார் 50 நிமிடம் ஆயிற்று. தலைமை விமானி ரிச்சர்ட் டி கிரெஸ்பினி, கெட்டவற்றை எண்ணுவதை விட்டுவிட்டு, இன்னும் வேலை செய்பவை எவை என்று பார்க்கத் தொடங்கியதாகப் பின்னர் எழுதினார். சக்கரங்கள் எண்ணெயின் துணையின்றித் தம் எடையாலேயே இறங்கின. பிரேக்கில் ஒரு பகுதிக்கு அவசர அழுத்தம் மட்டுமே இருந்தது. இறங்குவதற்கு உரிய உச்ச எடையைவிடச் சுமார் 50 டன் கூடுதலாக இருந்தது விமானம். 4,000 மீட்டர் ஓடுபாதையில், முனைக்குச் சுமார் 150 மீட்டர் முன்பாக அது நின்றது. ஒருவருக்கும் காயமில்லை.

1919இல் பென்னட் வாலில் உட்கார்ந்து விமானத்தை நிறுத்தினார். 2010இல் இயந்திரம் பாதி கெட்ட நிலையிலும், ஐந்து பேரின் பொறுமையான கணக்குதான் 469 உயிர்களைக் காத்தது. உங்கள் பிள்ளைகளில் எவருக்கேனும் லோரிப் பட்டறையில் எண்ணெய்க் குழாயைத் தொட்டுப் பார்க்கும் ஆவல் இருந்தால் தடுக்காதீர்கள். விமானத்தைப் பழுதுபார்க்கும் கல்வியும் அந்த ஆவலில்தான் தொடங்குகிறது.