கேமராவுக்கும் ஒரு கிலோமீட்டர் மீட்டர்

பழைய பைக் வாங்கப் போகிறவர் முதலில் குனிந்து பார்ப்பது கிலோமீட்டர் மீட்டரைத்தான். பழைய கேமரா வாங்குபவருக்கு அப்படிப் பார்க்க என்ன இருக்கிறது? ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியது என்ற கணக்கு இருக்கிறது. இந்தக் கணக்கு எப்படி வந்தது, சூப்பர்ஜூம் கேமராவில் இதை எவ்வளவு நம்பலாம் என்பது புரிய, ஷட்டரின் வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

மூடியே ஷட்டராக இருந்த காலம்

1839-ல் பிரான்சில் டாகரின் முறை வெளியானபோது ஒரு படம் பதிய நிமிடக் கணக்கில் ஆனது. லென்ஸ் மூடியைக் கையால் கழற்றி, நேரம் பார்த்து, மறுபடி மூடினால் போதும். தேய்ந்துபோக அதில் ஒன்றுமே இல்லை. ரசாயனங்களின் வேகம் கூடக் கூடத்தான் கையை விட வேகமான ஒரு கதவு தேவைப்பட்டது. 1878-ல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ், ஓடும் குதிரையை 12 கேமராக்களை வரிசையாக வைத்துப் படம் பிடித்தார். வழியில் கட்டியிருந்த நூலைக் குதிரை தட்டத் தட்ட ஒவ்வொரு ஷட்டராக இயங்கியது. நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையில் படாமல் இருக்கும் கணம் உண்டு என்பது அப்போதுதான் படமாகக் கிடைத்தது.

இரண்டு வகை, இரண்டு விதத் தேய்மானம்

இருபதாம் நூற்றாண்டில் இரண்டு வகை ஷட்டர்கள் நிலைத்தன. ஒன்று லென்ஸுக்குள் இருப்பது. மெல்லிய உலோக இதழ்கள் பூப்போல விரிந்து மூடும். ஜெர்மனியின் மியூனிக் நகரில் டெக்கல் நிறுவனம் 1912-ல் கொண்டுவந்த காம்பூர் இந்த வகை. மற்றொன்று ஃபிலிமுக்கு முன்னால் ஓடும் திரை. 1925-ல் வந்த லைக்காவில் இது துணியால் ஆனது, 1/500 நொடி வரை வேகம் கொண்டது. 1932-ல் வந்த கான்டாக்ஸில் உலோகப் பட்டைகளைப் பட்டு நாடாக்கள் இழுத்தன.

ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கெட்டது. இதழ் ஷட்டரில் எண்ணெய் கசிந்து இதழ்கள் ஒட்டிக்கொள்ளும். லைக்காவை மூடி போடாமல் வெயிலை நோக்கி வைத்தால் துணியில் ஓட்டை விழும். கான்டாக்ஸில் நாடா நைந்து அறுந்துவிடும். அந்தக் கேமராக்களில் இருந்த எண்காட்டி, அப்போதைய ரோலில் எத்தனை படம் எடுத்தது என்பதை மட்டுமே சொல்லும். ரோல் மாறினால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எனவே வாங்குபவருக்குக் காதும் கண்ணும்தான் துணை. ஒரு நொடி வேகத்தில் வைத்து ஓசை சீராக வருகிறதா என்று கேட்பார்கள். பின்கதவைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள்.

எண் வந்தது

டிஜிட்டல் காலத்தில் இந்த நிலை மாறியது. 1995-ல் ஜப்பானில் வந்த எக்ஸிஃப் முறைப்படி படத்துடனேயே தேதி, வேகம் போன்ற விவரங்களும் பதிந்தன. நிகான் தன் எஸ்எல்ஆர்களில் ஷட்டர் எண்ணிக்கையையும் இந்த விவரங்களோடு சேர்த்தது. தயாரிப்பாளர்களும் எத்தனை முறை சோதித்தோம் என்று விளம்பரப்படுத்தினார்கள். 2007-ல் வந்த நிகான் டி3-க்கு 3,00,000 முறை, 2012-ல் வந்த கேனான் 1டி எக்ஸுக்கு 4,00,000 முறை. இது சோதனை அளவுதான், ஆயுள் உத்தரவாதம் அல்ல.

இந்த எண்ணுக்கு ஏன் இத்தனை மதிப்பு? 1970-ல் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார் சந்தையை வைத்து எழுதிய கட்டுரை இதற்குப் பதில் தரும். பொருளின் நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லாவற்றுக்கும் சராசரி விலைதான் கொடுப்பார். நல்ல பொருள் வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமில்லாமல் விலகிவிடுவார். 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஷட்டர் எண் இந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைக்கிறது.

சூப்பர்ஜூமில் மட்டும் சிக்கல்

2002-ல் பானசோனிக் எஃப்இசட்1 12 மடங்கு ஜூமுடன் வந்தது. 2015-ல் நிகான் பி900 83 மடங்கைத் தொட்டது. 2018-ல் பி1000 125 மடங்கு. இவற்றில் பழைய காம்பூர் போல ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. திரையில் காட்சி தெரிய வேண்டும் என்பதால் எப்போதும் திறந்தே இருக்கும். பெரும்பாலும் பதிவை சென்சார் தொடங்கும், இதழ் மூடி முடித்துவைக்கும்.

பெரும்பாலான சூப்பர்ஜூம்களில் எண்ணிக்கையைப் பார்க்க வாங்குபவருக்கு வழி இல்லை. லூமிக்ஸ் கேமராக்கள் சிலவற்றில் மறைவான சர்வீஸ் மெனுவில், எத்தனை முறை ஆன் செய்யப்பட்டது, எத்தனை முறை ஷட்டர் இயங்கியது என்ற கணக்கு உண்டு. மற்றவற்றில் விற்பவர் காட்டுவது படத்தின் ஃபைல் எண்ணைத்தான். அது 9999-க்குப் பிறகு 0001-க்குத் திரும்பிவிடும். மெனுவிலேயே அதை மாற்றியமைக்கவும் முடியும். 0500 என்றிருந்தால் அது 500-ஆகவும் இருக்கலாம், 10,499-ஆகவும் இருக்கலாம்.

எனவே பழையபடி கண்ணும் காதும்தான். நல்ல வெயிலில் வேகத்தையும் துளை அளவையும் ஒன்றுக்கொன்று ஈடாக மாற்றிச் சில படங்கள் எடுக்க வேண்டும். வெளிச்சம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருந்தால் இதழ்கள் சரி. வீடியோ நன்றாக வந்து, படம் மட்டும் வெளுத்துக் கோடு கோடாக வந்தால் ஷட்டர் மூடவில்லை என்று பொருள். இரண்டுமே கறுப்பாக இருந்தால் அது மூடியபடி சிக்கியிருக்கலாம். ஜூமை முழுவதும் நீட்டி மடக்கி, லென்ஸ் ஆடுகிறதா, கரகரக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நீளமான ஜூமில் ஷட்டருக்கு முன்பே ஜூம் மோட்டாரும் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு.

விற்பவர் சொல்லும் எண்ணை விலை பேசுவதற்கு வைத்துக்கொள்ளலாம். பணத்தைக் கொடுப்பதற்கு முன் பத்துப் படமாவது எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.