நாவலாசிரியரும் நிலமும்: இடைசெவல் விழாக்கள் பசியாவரத்துக்குக் காட்டும் நெறி

நிலமும் பொழுதும் முதற்பொருள் எனத் தொல்காப்பியம் வகுத்தது. எனினும் அகனைந்திணை மாந்தரின் பெயரைச் சுட்டிக் கூறுதலை அந்நூல் விலக்கிற்று. கொற்கையும் தொண்டியும் அகப்பாடல்களில் வருமிடத்துப் பெரும்பாலும் உவமையாகவோ புரவலரின் சிறப்பாகவோ வருகின்றன. தலைவியின் சிற்றூர் யாது என்னும் வினாவுக்கு அங்கு இடமில்லை. நாவல் இந்நெறியினின்று வேறுபட்டது. அது ஓர் ஊரைப் பெயர் சுட்டியோ, புனைபெயரால் மறைத்தோ, அடையாளம் காணத்தக்க வகையில் காட்டுகிறது. ஆதலின், நூலைக் கற்றார் ஊரைத் தேடிச் செல்லுதலும், ஊரார் ஆசிரியரைத் தம்மவர் எனக் கொண்டாடுதலும் நாவல் தோன்றிய பின் வளர்ந்த வழக்கங்கள் எனலாம். இவ்வழக்கம் கரிசல் நிலத்தில் வளர்ந்த வரலாற்றையும், பழவேற்காட்டு ஏரியிலுள்ள பசியாவரம் முதலிய நெய்தலூர்களுக்கு அது காட்டும் நெறியையும் இக்கட்டுரை ஆராயும்.

இவ்வரலாற்றின் முதற்படி ஒரு கவிஞரைப் பற்றியது; ஆயினும் அதனை முன்னின்று நடத்தியவர் ஒரு நாவலாசிரியர். எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழவேண்டும் என்று கல்கி தம் இதழ் வாயிலாக வேண்டினார். வாசகர் பொருள் அனுப்பினர். 1945இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1947இல் மண்டபம் திறக்கப்பெற்றது. பிறந்த ஊரே நினைவிடம் ஆதல் வேண்டும் என்னும் கருத்து, தற்காலத் தமிழிலக்கிய விழாக்களில் இங்ஙனம் ஊன்றியது. அதற்கு வேண்டிய பொருள் அரசிடமிருந்தன்றி வாசகரிடமிருந்தே பெரிதும் வந்தமை கருதத்தக்கது.

எட்டயபுரத்துக்கு அணித்தே, கோவில்பட்டி வட்டாரத்தில் உள்ள சிற்றூர் இடைசெவல். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் 1923ஆம் ஆண்டில் அவ்வூரில் பிறந்தனர். முன்னவர் சென்னைக்குப் பெயர்ந்து எழுத்துப்பணி புரிந்தார். பின்னவர் உழவராய் ஊரிலேயே நெடுங்காலம் வாழ்ந்தார். தெலுங்கு பேசும் குடியினர் தெற்கே பெயர்ந்து வந்து கரிசலைத் திருத்திக் குடியமர்ந்த கதையைக் ‘கோபல்ல கிராமம்’ (1976) கூறுகிறது. அதன் தொடர்ச்சியான ‘கோபல்லபுரத்து மக்கள்’ 1991ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமிப் பரிசைப் பெற்றது. வந்தேறிய மக்களின் கதையே அந்நிலத்தின் அடையாளமாயிற்று என்பது எண்ணத்தக்கது. நிலத்தோடு ஒருவர்க்குள்ள உரிமை பிறப்பால் மட்டும் அமைவதன்று. உழைப்பாலும் சொல்லாலும் அமைவது என்பதே அந்நாவல்கள் உணர்த்துவது.

கி. ரா. தம் இறுதிக்காலத்தைப் புதுச்சேரியில் கழித்து, 2021 மே 17 அன்று அங்கேயே மறைந்தார். அவர் உடல் இடைசெவலுக்குக் கொணரப்பெற்று, அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நிகழ்ந்தது. அவர் பயின்ற இடைசெவல் பள்ளியைப் புதுப்பிப்பதாகவும், கோவில்பட்டியில் சிலை நிறுவுவதாகவும் தமிழக அரசு அறிவித்தது. 2022 டிசம்பரில் கோவில்பட்டி நினைவரங்கம் திறக்கப்பெற்றது. எட்டயபுரத்தில் வாசகர் செய்ததை முக்கால் நூற்றாண்டின் பின் அரசு செய்தது. அதே 2022ஆம் ஆண்டில், பொருநை, வைகை, காவிரி, சிறுவாணி, சென்னை எனப் பெரும்பாலும் ஆற்றின் பெயரால் இலக்கியத் திருவிழாக்களை வகுத்தமையும் இப்போக்கின் விரிவேயாம்.

அயல்நாட்டு வழக்கொன்றை ஈண்டு ஒப்பிட்டு நோக்கலாம். ஜேம்ஸ் ஜாய்சின் ‘யுலிசிஸ்’ நாவலில் கதை நிகழும் நாள் 1904 ஜூன் 16. அதன் ஐம்பதாம் ஆண்டாகிய 1954இல், டப்ளின் எழுத்தாளர் சிலர் கதைமாந்தர் சென்ற வழியே நகரைச் சுற்றிவரப் புறப்பட்டனர். அந்நாள் பின்னர் ஆண்டுதோறும் நிகழும் விழாவாயிற்று. அங்குப் போற்றப்பெறுவது ஆசிரியர் பிறந்த நாளன்று, கதையின் நாள். பிறந்த இல்லமன்று, கதை நடந்த தெரு. நம் விழாக்கள் பெரிதும் ஆசிரியரின் உருவத்தையும் பிறப்பிறப்பு நாள்களையும் பற்றி நிற்கின்றன.

சிலையும் விழாவும் வேண்டா என்பது இதன் பொருளன்று. அவை எட்டாத இடம் ஒன்றுண்டு. கி. ரா. தாமே அவ்விடத்தைக் காட்டிச் சென்றார். கரிசல் மக்களின் பேச்சுவழக்கைத் திரட்டி 1982இல் அவர் வெளியிட்ட வட்டார வழக்குச் சொல்லகராதியே நிலத்துக்கு ஒரு நாவலாசிரியர் எடுத்த மெய்யான நினைவுச்சின்னம் என்க. உழவு மாறும், கருவிகள் மறையும், அவற்றோடு சொற்களும் மறையும். அச்சொற்கள் பொருள் விளங்காது போகுமாயின், நாவல் அரங்கிலே இருக்கும். நிலம் அதனுள் இராது.

நெய்தல் நிலத்திலும் இப்பணியின் அருமை விளங்கும். ராஜம் கிருஷ்ணனின் ‘அலைவாய்க் கரையில்’ (1978), ஜோ டி குரூசின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) ஆகியன தென்கடற்கரை மீனவர் வாழ்வை அவர்தம் மொழியோடு பதிவு செய்தன. பழவேற்காட்டு ஏரியோ வேறோர் இயல்பினது. கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் காயல் அது. முகத்துவாரம் அடைபடுதலும் திறத்தலும் மழையின் மிகுதியும் குறைவும் நீரின் உவர்ப்பை மாற்றும். அதனோடு மீன், இறால், நண்டு ஆகியவற்றின் வரவும் மாறும். ஏரி மீனவரிடையே ‘பாடு’ என்றொரு முறை வழங்குகிறது. வலையிடும் இடங்களைச் சீட்டுக் குலுக்கி, முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது அது. இவ்வொரு சொல்லில் நிலவியலும் தொழிலும் நீதியும் அடங்கியுள்ளன. பசியாவரம் ஒரு நாவலாசிரியரைக் கொண்டாடும் நாள் வருமாயின், அவர் எழுத்தை விளக்கப் ‘பாடு’ போன்ற சொற்களே துணையாகும்.

ஆதலின், விழா நிகழும் வரை காத்திராது, சொற்றொகுப்பு முன் நிகழ்தல் முறை. வலையின் வகை, நீரின் நிலை, காற்றின் பெயர், இடங்களின் பெயர் ஆகியவற்றை ஊர்ப் பெரியோரிடமும் மீன் விற்கும் பெண்டிரிடமும் கேட்டுப் பதிவு செய்தல் தமிழ்த்துறை மாணவர்க்கு உரிய கடமையாகும். சொல்லியவர் பெயரையும் ஊரையும், அவர் இசைவு பெற்று, உடன் குறித்தல் வேண்டும். அகத்திணை மரபு மாந்தர் பெயரை மறைத்தற்குக் காரணம் உண்டு. ஆய்வு மரபு அறிவு தந்தாரின் பெயரை மறைத்தற்குக் காரணம் இல்லை. நாவலாசிரியர்க்கு நிலம் தந்த கொடை மொழியாயின், அம்மொழியைப் பேணி நிலத்துக்கே மீட்டளித்தலே விழாவின் நிறைவாகும்.