பட்டாவைப் படித்தல்

செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891ல் அனுப்பிய அறிக்கைதான் பஞ்சமி நிலத்துக்கு மூலம். 1892 செப்டம்பர் 30ல் நிலத்துக்கு அரசாணை வந்தது. நாலே மாசத்தில், 1893 பிப்ரவரி 1ல், நம் பிள்ளைகளின் கல்விக்கு அரசாணை 68. நிலத்தைப் பற்றி விடிய விடியப் பேசுகிற நாம் இந்த இரண்டாவது ஆணையை மறந்துவிட்டோம். ஒன்றுக்கு ஒன்று காவல் அவை. பட்டா என்பது காகிதம். அதில் இருப்பது விளங்காதவன் கையில் அது தங்காது.

தங்கவுமில்லை. தலித் அல்லாதவருக்கு விற்கக் கூடாது, விற்றாலும் செல்லாது என்பது நிபந்தனை. கடனுக்கும் கல்யாணச் செலவுக்கும் கைநாட்டு வாங்கிக்கொண்டவன் அதையா வாசித்துக் காட்டுவான்? காரணை நிலத்தை மீட்கக் கிளம்பிய போராட்டத்தில், 1994 அக்டோபர் 10ல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள்.

வண்டலூர் பக்கம் ஒரு காலனியில் சாயங்கால வகுப்பு நடத்துகிறேன். இப்போ கைநாட்டு இல்லை. அஞ்சாங்கிளாஸ் பிள்ளைகள் பாடத்தைத் தடதடவென்று வாசிக்கிறார்கள். "யாரு, யாருக்கு, எதுக்குக் கொடுத்தாங்க?" என்றால் முழிக்கிறார்கள். சத்தமா வாசி என்று சொல்ல ஆள் இருக்கிறது, என்ன விளங்குச்சு என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

கேட்டுப் பார்த்தவர்கள் அந்தக் காலத்திலேயே உண்டு. ஆல்காட் 1894ல் தொடங்கிய பஞ்சமர் பள்ளிகளில், பொருளைக் கையில் கொடுத்துப் பேசவைக்கும் கிண்டர்கார்டன் முறையைக் கொண்டுவந்தார்கள். அங்கே வேலை செய்த கோர்ட்ரைட் அம்மையார், பறையருக்கு நாங்கள் எப்படிக் கற்பிக்கிறோம் என்று 1906ல் ஒரு இங்கிலீஷ் புத்தகமே போட்டார். தலைப்பிலேயே 'நாங்கள்' தனி, பறையர் தனி! ஆனாலும் முறை நல்ல முறை.

நான் கையில் கொடுத்தது பழைய நிலப் பத்திர நகல். 'அனுபவம்' என்ற சொல்லில் பையன் நின்றுவிட்டான். "வயசானவங்களுக்கு இருக்குமே, அதுவாக்கா?" வாசலில் முறுக்கு விற்கும் அவன் ஆயாவுக்கு எழுத்து தெரியாது. "நாம உழுது பயிர் வெச்சு நம்ம கையிலயே இருந்தா அது அனுபவம்டா" என்றது.

அன்றிலிருந்து அம்மாக்களிடம் ஒன்றுதான் சொல்கிறேன். எழுத்து தெரியாட்டிப் பரவாயில்லை, பிள்ளை வாசித்து முடித்ததும் "அதுல இன்னாடா சொல்லியிருக்கு?" என்று கேளுங்கள். சொல்ல வராட்டி இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லுங்கள்.

மறுவாரம் ஆயா தகரப் பெட்டியிலிருந்து ஒரு மஞ்சள் காகிதத்தை எடுத்துவந்து பேரன் முன்னால் போட்டது.