லுக்சூரியா: ஒரு சொல்லின் வரலாறு

சொற்களுக்கும் வாழ்வு தாழ்வு உண்டு. ஒரு காலத்தில் வசைமொழியாக வழங்கிய சொல், பிறிதொரு காலத்தில் புகழ்மொழியாக மாறிவிடுவதை மொழி வரலாற்றில் காண்கிறோம். அத்தகைய சொற்களுள் ஒன்றின் கதையை இன்று மாணவர்களுக்குச் சொல்ல விழைகிறேன். ஆங்கிலத்தில் ‘லக்சுரி’ என்று வழங்கும் சொல்லே அது. பேருந்துக்கும் அடுக்கு மாளிகைக்கும் கைக்கடிகாரத்திற்கும் இன்று அது பெருமை தரும் அடைமொழி. விலையைக் கூட்டுவதற்கு அந்த ஒரு சொல்லே போதும். ஆயின், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் உரோமாபுரியில் ஒருவனை நோக்கி அதன் தாய்ச்சொல்லைச் சொல்லியிருந்தால், அவன் நாணித் தலைகுனிந்திருப்பான்.

அத் தாய்ச்சொல் ‘லுக்சூரியா’ என்னும் இலத்தீன் சொல். மிகுதி, அளவு கடந்த செலவு, கட்டில்லாத வாழ்வு என்பன அதன் பொருள்கள். ‘லுக்சுஸ்’ என்பது அதன் வேர். மூட்டு இடம் பிசகியதைக் குறிக்கும் மற்றோர் இலத்தீன் சொல்லோடு இவ் வேருக்கு உறவு உண்டு எனக் கருதும் அறிஞரும் உளர். உரோம உழவர்களோ இச் சொல்லைத் தம் வயலில் கண்டனர். இளம்பயிர் அளவுக்கு மேல் தழைத்துக் கொழுப்பதையும் இலத்தீன் மொழியினர் லுக்சூரியா என்றே அழைத்தனர். அவ்வாறு கொழுத்த பயிரில் ஆடுமாடுகளை விட்டு மேய்த்துவிடும் வழக்கத்தை, வெர்ஜில் என்னும் கவிஞர் உழவுத் தொழிலைப் பற்றிய தம் நூலின் முதற் பகுதியிலேயே குறிப்பிடுகிறார். மேய்க்காவிடில் கதிர் முற்றும்போது தாள் அதன் பாரத்தைத் தாங்காது சாய்ந்துவிடும். உரம் மிகுந்த நெற்பயிர் சாய்வதைக் கண்ட நம் நாட்டு உழவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இவ்விடத்தில் நம் வழக்கில் உள்ள ‘ஆடம்பரம்’ என்னும் சொல்லையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வடமொழியில் ஆடம்பரம் என்பது ஒரு வகை முரசு. பின்னர் அது பேரொலியைக் குறித்தது. அதன்பின் வெற்று ஆரவாரத்தைக் குறித்தது. ஆடம்பரம் பிறர் காதில் விழுவதற்காக எழும் ஓசை. லுக்சூரியா தன்னுள்ளேயே கொழுத்துத் தன் பாரத்தால் தானே சாயும் பயிர். இவ் வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கி.மு. 216-இல் கேன்னே என்னும் இடத்தில் ஹானிபலிடம் உரோமர் பெருந்தோல்வி உற்றனர். மறு ஆண்டே ஓப்பியச் சட்டம் பிறந்தது. எந்தப் பெண்ணும் அரை அவுன்சுக்கு மேல் பொன் வைத்திருத்தல் ஆகாது; பல வண்ண ஆடை உடுத்தல் ஆகாது; சமயச் சடங்குகளுக்கன்றி நகரில் வண்டியேறிச் செல்லுதல் ஆகாது என்று அது விதித்தது. போர் முடிந்தது, செல்வம் திரும்பியது, சட்டம் மட்டும் நீங்கவில்லை. கி.மு. 195-இல் உரோமாபுரிப் பெண்கள் தெருக்களில் திரண்டனர். சட்டத்தை நீக்கக் கூடாது என்று தடுத்து நின்ற அதிகாரிகளின் வாயில்களை முற்றுகையிட்டனர். பெண்களுக்கு இடம் கொடுத்தால் லுக்சூரியா நாட்டை அழிக்கும் என்று வாதிட்டார் கேட்டோ. ஆடவர் ஊதா ஆடை உடுத்தும்போது பெண்டிர் மட்டும் ஏன் உடுத்தலாகாது என்று கேட்டது எதிர்த்தரப்பு. இவ் வழக்கை லிவி என்னும் வரலாற்றாசிரியர் விரிவாக எழுதி வைத்துள்ளார். முடிவில் சட்டம் நீக்கப்பட்டது.

ஆடவர்க்கும் சட்டம் வந்தது. கி.மு. 161-இல் இயற்றிய பானியச் சட்டம் விருந்தின் செலவுக்கு வரம்பு கட்டியது. விருந்தில் ஒரு பெட்டைக்கோழிக்கு மேல் பரிமாறலாகாது. அதுவும் கொழுக்க வைத்ததாக இருத்தலாகாது என்றது. செல்வர் என்ன செய்தனர்? சட்டம் பெட்டைக்கோழியை அல்லவா சொல்லுகிறது என்று, சேவல்களுக்குப் பாலில் ஊறிய தீனி இட்டுக் கொழுக்க வைத்தனராம்! பிளினி என்னும் அறிஞர் இதனை எழுதியுள்ளார்.

பெண்களைப் பழித்தது போலவே உரோமர் அயல்நாடுகளையும் பழித்தனர். கி.மு. 187-இல் ஆசியாவிலிருந்து மீண்ட படையே வெண்கலக் கட்டில்களையும் விலையுயர்ந்த விரிப்புகளையும் கொண்டுவந்து நகரைக் கெடுத்தது என்கிறார் லிவி. இந்தியா, சீனம், அரேபியா ஆகிய நாடுகள் ஆண்டுதோறும் 10 கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை உறிஞ்சிவிடுகின்றன என்று கணக்கிட்டு வருந்தினார் கி.பி. 79-இல் மறைந்த பிளினி. மிளகைப் பற்றி அவர் கொண்ட வியப்பு இன்னும் பெரிது. காரம் ஒன்றைத் தவிர வேறு சிறப்பு இல்லாத இப் பொருளைப் பொன்னையும் வெள்ளியையும் போல நிறுத்து வாங்குகிறார்களே என்று அவர் அங்கலாய்த்தார். சேர நாட்டு மலைச்சாரலில் கொடியாய்ப் படரும் மிளகு, நம் அடுக்களையில் அன்றாடப் பொருள். கடல் கடந்தவுடன் அது லுக்சூரியா ஆயிற்று. கொங்கு நாட்டு மண்ணில் கிடைத்த உரோம நாணயங்களும், 1945-இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் நடந்த அகழாய்வும் அவ் வணிகத்திற்குச் சான்று பகர்கின்றன.

எனக்கு இதில் ஒன்று வியப்பளிக்கிறது. லுக்சூரியா என்பது வயலின் உள்ளிருந்தே எழும் மிகுதி என்று அவர்கள் மொழி அறிந்திருந்தது. மொழியைப் பேசியவர்களோ அதனை வெளியே தேடினர். மனைவியின் கழுத்திலும் மிளகு மூட்டையிலும் கண்டனர். கி.பி. 22-இல் பேரரசர் திபேரியஸ் மட்டும் சட்டத்தால் இதனைத் தடுக்க இயலாது என்று மூதவைக்கு எழுதினார். அது நடந்த பல ஆண்டுகளுக்குப் பின்னரே விருந்தின் ஆரவாரம் தணிந்தது. அதற்கு டாசிட்டஸ் கூறும் காரணங்கள் இரண்டு. பேரரசர் வெஸ்பாசியன் எளிய உணவு உண்டு எளிய உடை உடுத்து வாழ்ந்து காட்டினார். சட்டத்திற்கு அஞ்சாதவர் அவரைப் பார்த்து நடந்தனர். மற்றொன்று, சிற்றூர்களிலிருந்தும் மாகாணங்களிலிருந்தும் மூதவைக்கு வந்த புதியவர்கள் தம் வீட்டுச் சிக்கனத்தையும் உடன் கொண்டுவந்தனர். கேடு வெளியிலிருந்து வந்தது என்று பழித்த நகருக்குச் சிக்கனமே வெளியிலிருந்து வந்தது!

சொல்லின் பயணம் அத்துடன் முடியவில்லை. இடைக்காலக் கிறித்தவ அறநூலார் லுக்சூரியாவை ஏழு பெரும் பாவங்களுள் ஒன்றாக்கிக் காமத்திற்குப் பெயராக இட்டனர். பின்னர் 18-ஆம் நூற்றாண்டில் அதன் முகம் மாறியது. செல்வரின் வீண் செலவு ஏழைத் தொழிலாளிக்கு வேலை தருகிறது என்று 1714-இல் வெளிவந்த தேனீக்களின் கதை என்னும் நூலில் மாண்டவில் வாதிட்டார். இச் சொல்லுக்கு நல்ல பொருளும் உண்டு, தீய பொருளும் உண்டு என்று 1752-இல் டேவிட் ஹியூம் எழுதினார். வசைமொழி இவ்வாறு பொருளியல் மொழியாகி, இறுதியில் விலைச்சீட்டாக வந்து நிற்கிறது.

மாணவர்களே, வீண் செலவு தீதன்று என்று நான் சொல்ல வரவில்லை. கொழுத்த பயிர் சாயத்தான் செய்யும். ஆயின் ‘ஆடம்பரம்’ என்று ஒருவர் மற்றொருவரைச் சுட்டும்போது, சுட்டுபவர் யார், சுட்டப்படுபவர் யார், எவருடைய தட்டு அங்கே கணக்கில் வராமல் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். பாலில் ஊறிய தீனி தின்ற சேவல் பெரும்பாலும் குற்றம் சாட்டுபவரின் முற்றத்திலேயே நிற்கும்.