நிறையும் உண்மையும்: புல்மோட்டைக் கருமணல் புகட்டும் பாடம்

கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் இரு பொருள்களைப் பிரித்தறிய மனிதன் கண்ட பழைய வழிகளுள் ஒன்று அடர்த்தியை அளத்தல் ஆகும். ஒரு பொருளின் திணிவை அதன் கனவளவால் வகுக்க வருவதே அடர்த்தி. வடிவம் ஒழுங்கற்ற திண்மத்தின் கனவளவை அது வெளியேற்றும் நீரால் அறியலாம் என்பதை ஆர்க்கிமிடீசு காட்டி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகின்றன. இவ்வுண்மையின் பயனை உணர விரும்புவோர் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. திருகோணமலைத் துறைமுகத்துக்கு வடக்கே அமைந்த புல்மோட்டைக் கடற்கரைக்குச் சென்றாலே போதும்.

அக்கரையிலே கிடக்கும் கருமணலிற் பெரும்பகுதி இல்மனைற்று ஆகும். அதனோடு உரூத்தைல், சேர்க்கன், சிறிதளவு மொனசைற்று என்பனவும் கலந்துள்ளன. சாதாரண வெண்மணலின் அடர்த்தி 2.65 ஆக, இல்மனைற்றின் அடர்த்தி ஏறக்குறைய 4.7 ஆகும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் எழும் அலைகள் இலேசான மணலை அள்ளிச் செல்ல, பாரமான மணல் கரையிலே தங்குகின்றது. ஆய்வுகூடத்தில் மாணவன் செய்யும் சோதனையைக் கடலன்னை ஆண்டுதோறும் செய்து வருகின்றாள் எனலாம்.

மாணவன் செய்யும் முறை எளியது. வெற்று அடர்த்திப் போத்தலின் திணிவு 25 கிராம்; உலர்ந்த கருமணலுடன் 72 கிராம்; மணலுக்கு மேல் நீர் நிரப்பியபின் 112 கிராம்; நீர் மட்டும் நிரப்பியபொழுது 75 கிராம் எனக் கொள்வோம். மணலின் திணிவு 47 கிராம். 75உம் 47உம் கூடிய 122இலிருந்து 112ஐக் கழிக்க, வெளியேறிய நீர் 10 கிராம். ஆகவே அடர்த்தி 4.7. மணலிடையே காற்றுக் குமிழிகள் தங்கின் விடை குறைந்து பிழைபடும். நீரிற் கரையும் பொருளாயின், அதனைக் கரைக்காத வேறொரு திரவத்தைக் கொள்ளல்வேண்டும். அப்பொழுது அத்திரவத்தின் அடர்த்தியையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

எனினும் அடர்த்தி ஒன்றே முடிந்த முடிபாகாது. சேர்க்கனின் அடர்த்தியும் 4.7ஐ அடுத்ததே. ஆதலால் இல்மனைற்றைக் காந்தத்தால் ஈர்த்தெடுப்பர். எஞ்சியவற்றுள் மின் கடத்தும் உரூத்தைலையும் மின் கடத்தாச் சேர்க்கனையும் மின்முறையாற் பிரிப்பர்.

இவ்வுண்மையை இலங்கை வரலாறே முன்னர் உணர்த்தியுள்ளது. 1903இல் இலங்கைக் கனிப்பொருளாய்வுப் பகுதியின் தலைவரானவர், சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி. பலாங்கொடைப் பகுதியிற் கிடைத்த, மிகப் பாரமான ஒரு கரிய கனியத்தை யுரேனினைற்று என அவர் முதலிற் கருதினார். இரண்டும் கருமையானவை, அடர்த்தியாலும் நெருங்கியவை. 1904இல் இலண்டன் இம்பீரியல் நிலையத்தில் டன்சுதன் செய்த இரசாயனப் பகுப்பாய்வு, அது தோரியம் மிகுந்த புதிய கனியம் எனக் காட்டிற்று. தோரியனைற்று என்னும் பெயர் அவ்வாறே எழுந்தது. பிற்காலத்திற் கலை வரலாற்று ஆசிரியராக உலகப் புகழ் பெற்ற அவ்வறிஞரின் முதற்கருத்து திருத்தப்பட்டமை அவர்க்கு இழுக்கன்று. அளவையை அடுத்த அளவையாற் சோதிப்பதே அறிவியலின் நெறி.

புல்மோட்டை மணலைப் பயன்படுத்தற்பொருட்டு 1957இல் இலங்கைக் கனிய மணற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. ஆயினும் அம்மணல் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறி, அந்நிய நாடுகளில் வெண்ணிறச் சாயப்பொருளாகவும் உலோகமாகவும் உருமாறுகின்றது. மணல் நம்முடையது, அதன் மதிப்பை உயர்த்தும் வித்தை பிறருடையது. இந்நிலை மாறவேண்டுமாயின், மாற்றம் தராசின் முன் நிற்கும் மாணவனிடத்திலேயே தொடங்குதல் வேண்டும். காலடியிற் கிடப்பதன் நிறையறியாதவர் அதன் விலையையும் அறியார்.