முடிவு தெரிஞ்ச கதையை எதுக்குப் பார்க்கணும்?

'ப்ரீக்வெல்'ங்கிற வார்த்தையைக் கேட்டாலே காத தூரம் ஓடுற ஆளாத்தான் ரொம்ப நாள் இருந்தேன். ஹீரோ சாக மாட்டான்னு தெரியும். யார் யாருக்கு எதிரி ஆவாங்கன்னு தெரியும். யார் தலை கடைசியில சொட்டையாகும்னு கூடத் தெரியும். அப்புறம் எதுக்குய்யா காசு கொடுத்து ரெண்டு மணி நேரம் உட்காரணும்?

இந்த ஞானம் எனக்குச் சும்மா வரலை மக்களே, அடிபட்டு வந்தது. 2009 மே மாசம், ஸ்கூல் லீவு. அண்ணனை நச்சரிச்சு 'எக்ஸ்-மென் ஒரிஜின்ஸ்: வுல்வரின்' பார்க்கப் போனேன். பாதி வசனம் புரியலை. ஆனா ஏதோ தப்பு நடக்குதுன்னு மட்டும் அந்த வயசுலயே புரிஞ்சுது. திரும்பி வரும்போது அண்ணன் கேட்டான், "அவனுக்கு ஏன்டா எதுவும் ஞாபகம் இல்லைன்னு நீ நினைச்சு வெச்சிருந்தே?" நான் என்னென்னவோ சொன்னேன். "அதெல்லாம் இல்லையாம், மண்டையில குண்டு பாய்ஞ்சுதாம், அவ்ளோதான்"னான். நான் மனசுக்குள்ள கட்டி வெச்சிருந்த பெரிய மர்மம் ஒரு துப்பாக்கிக் குண்டுல முடிஞ்சு போச்சு :-(

இப்ப யோசிச்சா அந்தப் படத்தோட வியாதி தெளிவாத் தெரியுது. அது கதை இல்லை, டாக்குமெண்டேஷன். நாங்க ஆபீஸ்ல எழுதுவோமே, இந்த ஃபீச்சர் எப்ப வந்தது, யார் கேட்டாங்கன்னு, அந்த மாதிரி. ஜாக்கெட் எங்கேர்ந்து வந்தது? ஒரு வயசான தம்பதி கொடுத்தாங்க. பேர் எப்படி வந்தது? காதலி சொன்ன நிலாக் கதையிலேர்ந்து. ஒவ்வொண்ணுக்கும் பதில் ரெடி. ஆனா அந்தக் கேள்வியை யாரும் கேட்கவே இல்லையே! போதாததுக்கு, பேச்சே ஆயுதமா இருக்கிற டெட்பூலோட வாயைத் தைச்சுட்டாங்க. அதுல நடிச்ச ரயன் ரெனால்ட்ஸே பின்னாடி 2018-ல 'டெட்பூல் 2' கடைசியில காலத்துல பின்னோக்கிப் போய் அந்தப் பழைய அவதாரத்தைச் சுட்டுத் தள்ளிட்டுத்தான் ஓய்ந்தார். ஒரு ப்ரீக்வெலுக்கு இதைவிட மோசமான விமர்சனம் யாரும் எழுதினதில்லை.

சரி, மேட்டருக்கு வருவோம். இப்படி நம்பிக்கை போன பார்வையாளனை இன்னொரு ப்ரீக்வெல் எடுத்து மறுபடி உட்கார வைக்க முடியுமா? முடியும்கிறதுக்கு என்கிட்ட இருக்கிற சாட்சி அதே குடும்பத்துல அடுத்துப் பிறந்த பிள்ளை: 2011 ஜூன்ல வந்த 'எக்ஸ்-மென்: ஃபர்ஸ்ட் கிளாஸ்'.

அது எந்த நிலைமையில வந்ததுன்னு முதல்ல பார்த்துடலாம். பிரையன் சிங்கர் எடுத்த முதல் ரெண்டு படங்களுக்கும் (2000, 2003) நல்ல பேர். 2006-ல பிரெட் ராட்னர் எடுத்த மூணாவது படம் 'த லாஸ்ட் ஸ்டாண்ட்' வசூல்ல சக்கைப் போடு போட்டுச்சு, ஆனா ரசிகர்கள் மனசு உடைஞ்சு போச்சு. அந்த மூணாவது படத்தை முதல்ல எடுக்க இருந்தவர் மேத்யூ வான். ஷூட்டிங்குக்குக் கொஞ்சம் முன்னாடி விலகிட்டார். அடுத்து 2009-ல வுல்வரின். அது ரிலீஸுக்கு ஒரு மாசம் முன்னாடியே கிராஃபிக்ஸ் முடியாத பிரதி இணையத்துல கசிஞ்சு, படமும் வந்து, இருந்த மிச்ச மானமும் போச்சு. இன்னொரு பக்கம் மேக்னீட்டோவோட இளமைக் கதையைத் தனிப் படமா எடுக்கிற திட்டம் வருஷக்கணக்கா இழுத்துட்டு இருந்தது. அதைக் கைவிட்டு, அதோட சாரத்தைப் புதுப் படத்துக்குள்ள கலந்துட்டாங்க.

2010 மே மாசம் மேத்யூ வானைத் திரும்பக் கூப்பிட்டாங்க. படம் 2011 ஜூன்ல தியேட்டர்ல இருக்கணும். பதிமூணு மாசம்! ஐ.டி-ல வேலை பார்க்கிறவங்களுக்கு இந்த டெட்லைனோட வாசனை தெரியும். ஏற்கெனவே ரெண்டு ரிலீஸ் ஊத்திக்கிட்ட ப்ராஜெக்ட், பாதியில போன ஆள்கிட்டயே திரும்ப ஒப்படைப்பு, தேதியை மாத்த முடியாது. வெளியான போஸ்டர்களைப் பார்த்தும் ஊரே சிரிச்சுது. கறுப்பு நிழலுருவத்துக்கு நடுவுல முகத்தை வெட்டி ஒட்டின மாதிரி ஒரு கொடுமை.

நான் அந்தப் படத்தைத் தியேட்டர்ல பார்க்கலை. சூடு கண்ட பூனை ஆச்சே. இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம், ஹாஸ்டல்ல என் ரூம்மேட்தான் கட்டாயப்படுத்தினான். "பிடிக்கலைன்னா நைட்டு பரோட்டா என் செலவு"ன்னான். பரோட்டாவுக்காக உட்கார்ந்தவன், படம் முடிஞ்சதும் என் காசுல அவனுக்கு வாங்கிக் கொடுத்தேன்.

அப்படி என்ன பண்ணிடுச்சு அந்தப் படம்?

ஆரம்பமே 2000-ல வந்த முதல் படத்தோட ஆரம்பம்தான். 1944, போலந்து, நாஜிக்களோட வதைமுகாம். எரிக்னு ஒரு சின்னப் பையனை அம்மா அப்பாகிட்டேர்ந்து பிரிக்கிறாங்க. அவன் கதற, இரும்புக் கதவு வளையுது. முதல் படம் அங்கே வெட்டி நிகழ்காலத்துக்குப் போயிடும். இந்தப் படம் அங்கேயே நிக்குது. அதுக்கப்புறம் அந்த அறைக்குள்ள என்ன நடந்ததுன்னு காட்டுது. ஷ்மிட்ங்கிற டாக்டர் மேஜை மேல ஒரு நாணயத்தை வெச்சு, அதை நகர்த்தச் சொல்றான். பையனால முடியலை. மூணு வரைக்கும் எண்ணி, அம்மாவைச் சுட்டுடறான். அம்மா போனதுக்கப்புறம்தான் சக்தி பொங்கி வருது.

இதுவும் 'எப்படி வந்தது'ங்கிற விளக்கம்தானேன்னு கேட்கலாம். வித்தியாசம் இருக்கு. ஜாக்கெட் வந்த கதை தெரிஞ்சா வுல்வரின் பத்தி என் எண்ணம் எதுவும் மாறாது. இது தெரிஞ்சதுக்கப்புறம் மேக்னீட்டோவை வில்லன்னு சொல்ல நாக்கு எழமாட்டேங்குது.

ரெண்டாவது, காலம். கதை நடக்கிறது 1962. ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் எக்ஸ்-மென் காமிக்ஸை ஆரம்பிச்சது 1963. அந்தக் காமிக்ஸ் பிறந்த காற்றுக்குள்ளயே கதையைக் கொண்டு போய் நிறுத்திட்டாங்க. கியூபா ஏவுகணை நெருக்கடி, அக்டோபர் 16-லேர்ந்து 28 வரை பதிமூணு நாள். அமெரிக்கா துருக்கியில ஜூபிடர் ஏவுகணை வெச்சது, சோவியத் கியூபாவுல வெச்சது, கென்னடி டி.வி-ல பேசினது எல்லாம் நிஜம். படத்துல கென்னடியோட நிஜப் பேச்சே வருது. அணுகுண்டுப் போர் அன்னிக்கு வரலைன்னு எல்லாருக்கும் தெரியும். ஆக, முடிவு தெரிஞ்ச கதைக்குள்ள முடிவு தெரிஞ்ச இன்னொரு வரலாறு! ரெட்டை ரிஸ்க். ஆனாலும் நகத்தைக் கடிச்சோம்.

ஏன்னா படத்தோட கேள்வி போர் வருமா இல்லையாங்கிறது இல்லை. சார்லஸும் எரிக்கும் எந்த இடத்துல பிரிவாங்கங்கிறதுதான். அந்த இடம் ஒரு கியூபக் கடற்கரை. நம்ம ஹீரோக்கள் போரைத் தடுத்துட்டாங்க. நன்றி சொல்ல வேண்டிய ரெண்டு நாட்டுக் கப்பலும் ஒண்ணு சேர்ந்து அவங்க மேலேயே ஏவுகணை விடுது. எரிக் அதையெல்லாம் நடுவானத்துல நிறுத்தி, கப்பல்களைப் பார்த்துத் திருப்பறான். சார்லஸ் கெஞ்சறான்: அந்த மாலுமிகள் அப்பாவிகள், மேலிட உத்தரவைத்தான் செய்யறாங்கன்னு. உலகத்துல எரிக்கிட்ட சொல்லவே கூடாத ஒரே வாக்கியம் அதுதான். உத்தரவுக்குக் கீழ்ப்படிஞ்சவங்கதான் அவன் குடும்பத்தை அழிச்சவங்க.

இந்த இடத்தோட கனம் ஹாஸ்டல்ல எனக்குப் புரியலை. பின்னாடி வரலாறு படிச்சப்பதான் புரிஞ்சுது. படத்துல எரிக் நாஜிக்களைத் தேடி அர்ஜென்டினாவுக்குப் போறான். நிஜத்துல ஐக்மன்ங்கிற நாஜி அதிகாரி 1960-ல அதே அர்ஜென்டினாவுலதான் பிடிபட்டான். 1961-ல ஜெருசலேம் விசாரணையில அவன் தரப்பு வாதமே, உத்தரவைத்தான் நிறைவேத்தினான்ங்கிறது. கோர்ட் அதை ஏத்துக்கலை. 1962-ல தூக்கு. படம் நடக்கிற அதே வருஷம்!

இன்னொண்ணும் உண்டு. அக்டோபர் 27 அன்னிக்குக் கியூபாவுக்குப் பக்கத்துல பி-59னு ஒரு சோவியத் நீர்மூழ்கி. மேல அமெரிக்கக் கப்பல்கள் எச்சரிக்கைக் குண்டு போடுது. போர் ஆரம்பிச்சிருச்சுன்னு நினைச்ச கேப்டன் அணு டார்பிடோவைத் தயார் பண்ணச் சொல்றார். உள்ளே இருந்த வாசிலி அர்கிபோவ்ங்கிற அதிகாரி சம்மதிக்கலை. அவரை யாரும் எக்ஸ்-மென்ல சேர்க்கலை, ஆனா அவர் 'வேண்டாம்'னு சொன்னதும்தான் நாம இன்னிக்கு இருக்கிறதுக்கு ஒரு காரணம். படத்துல வர்ற ரெண்டு கப்பல்லயும் அப்படி ஒருத்தர் கூட இல்லை. எரிக் சொல்றதுல நியாயம் இருக்குன்னு நமக்குத் தோணுறது அதனாலதான்.

அப்புறம் அந்தக் குண்டு. எரிக் தன்னைச் சுட வந்த குண்டைத் தட்டி விட, அது சார்லஸோட முதுகுத்தண்டுல பாயுது. சார்லஸ் சக்கர நாற்காலியில உட்காருவான்னு 2000-லயே தெரியும். தள்ளி விட்டது நண்பனோட கைன்னு தெரியாது. வுல்வரினிலும் ஒரு குண்டு, இங்கேயும் ஒரு குண்டு. அந்தக் குண்டு ஒரு மர்மத்தை முடிச்சு வெச்சுது. இந்தக் குண்டு, முதல் படத்துல வயசான ரெண்டு பேரும் உட்கார்ந்து செஸ் ஆடுற காட்சியைப் புதுசா வலிக்க வைக்குது. நல்ல ப்ரீக்வெல் முன்னாடி வந்த படத்தைத் திரும்பப் பார்க்க வைக்கும். என்னோட அளவுகோல் இதுதான்.

குறையே இல்லையான்னா, உண்டு. 'லாஸ்ட் ஸ்டாண்ட்'ல சார்லஸும் எரிக்கும் பல வருஷம் கழிச்சும் ஒண்ணா, அதுவும் சார்லஸ் ரெண்டு கால்ல நடந்து, சின்ன வயசு ஜீனைப் பார்க்கப் போவாங்க. 1962-லயே கால் போச்சுன்னா அது எப்படி? எங்க பாஷையில சொன்னா பேக்வேர்ட் கம்பேட்டபிலிட்டி காலி. தீவிர ரசிகர்கள் திட்டினாங்க, நியாயம்தான். ஆனா பழைய பிழையோட ஒத்துப்போறதுக்காகப் புதுசையும் பிழையா எழுத வேண்டியதில்லைன்னு யாரோ துணிஞ்சு முடிவெடுத்திருக்காங்க. அந்தத் துணிச்சலுக்கு ஒரு சலாம். இன்னொரு துணிச்சல், ஹியூ ஜாக்மன். பெரிய ஸ்டார் அவர்தான். இதுல சில நொடிதான் வருவார், பார்ல உட்கார்ந்து ரெண்டு பேரையும் திட்டித் துரத்துவார், அவ்ளோதான்.

நம்பாதவங்க ஜெயிக்கப்பட்டாங்களா? கணக்கைப் பாருங்க. எல்லாரும் திட்டின வுல்வரின் அமெரிக்காவுல முதல் வார இறுதியில 8.5 கோடி டாலர், உலகம் முழுக்க சுமார் 37 கோடி. எல்லாரும் பாராட்டின ஃபர்ஸ்ட் கிளாஸ் முதல் வார இறுதியில 5.5 கோடி, மொத்தம் சுமார் 35 கோடி. நல்ல படம் கம்மியா சம்பாதிச்சிருக்கு! ஏன்னா வுல்வரின் பண்ணின பாவத்துக்குத் தண்டனை அனுபவிச்சது ஃபர்ஸ்ட் கிளாஸ். அது பண்ணின புண்ணியம் அடுத்ததுக்குப் போச்சு. 2014-ல வந்த 'டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்' சுமார் 75 கோடி. பேட்மேனும் இதே கதைதான். 1997-ல 'பேட்மேன் அண்ட் ராபின்' பேரைக் கெடுத்துச்சு. 2005-ல நோலன் 'பேட்மேன் பிகின்ஸ்'னு தொடக்கத்துலேர்ந்து புதுசா ஆரம்பிச்சார், சுமார் 37 கோடிதான். 2008-ல 'த டார்க் நைட்' நூறு கோடியைத் தாண்டுச்சு. 2014 படத்துல பழைய நடிகர்கள் திரும்பி வந்ததும், 2008-ல ஹீத் லெட்ஜரோட மரணமும் கூட்டத்தைக் கூட்டினதுல பங்கு உண்டு, இல்லைன்னு சொல்லலை. ஆனாலும் நம்பாதவன் ஒரே நாள்ல மாறமாட்டான். டி.வி-லயோ ஹாஸ்டல் ஹார்ட் டிஸ்க்லயோ பார்த்து, சத்தமில்லாம மாறி, அடுத்த படத்துக்கு டிக்கெட் எடுப்பான். என்னை மாதிரி.

போன வாரம் ராத்திரி தனியா உட்கார்ந்து திரும்பப் பார்த்தேன். அந்த ரூம்மேட்டும் நானும் இப்பப் பேசிக்கிறதில்லை. படிப்பு முடிச்சு சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பிக்கிறதா மூணு வருஷம் பேசி வெச்சிருந்தோம். கடைசி நேரத்துல வீட்டுக் கடனை நினைச்சு நான் கேம்பஸ்ல கிடைச்ச வேலைக்குப் போயிட்டேன். நான் செஞ்சது தப்பான்னு கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவேன். அவன் கோபப்பட்டது தப்பான்னு கேட்டாலும் அதே பதில்தான். கடற்கரைக் காட்சி வந்தப்ப, முடிவு தெரிஞ்சும், இந்தத் தடவையாவது அவங்க பிரியாம இருக்கமாட்டாங்களான்னு மனசு கிடந்து அடிச்சுக்கிச்சு.

முடிவு தெரிஞ்ச கதையை எதுக்குப் பார்க்கணும்னு இனிமே யார்கிட்டயும் கேட்கமாட்டேன்.

டிஸ்கி: பரோட்டா கடன் எதுவும் பாக்கி இல்லை. ஆனா அவன் கூப்பிட்டா இன்னொரு ரவுண்டு என் செலவுதான் :-)