எதில் இணங்குவது, எதில் மறுப்பது: கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் கிறிஸ்தவ நற்செய்திப் பணி

விருத்தாசலத்தை அடுத்த கோணாங்குப்பத்தில் பெரியநாயகி மாதா, கையில் குழந்தையுடன், சேலை உடுத்திய தமிழ்த் தாயாக நிற்கிறார். அந்த ஆலயத்தை எழுப்பியவர் வீரமாமுனிவர் (1680–1747). விருத்தாசலம் கோயிலில் அம்மனுக்கு வழங்கும் பெயரும் பெரியநாயகிதான். காவி உடுத்தி, புலால் மறுத்து, ‘தேம்பாவணி’ பாடிய முனிவர் ஊராரின் காதுக்குப் பழகிய பெயரையே தம் மாதாவுக்கும் சூட்டினார். கேட்பவரின் மொழியும் மரபும் அறிந்து பேசிய இந்த விவேகம், 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி தொடங்கிவைத்தது.

ஆனால் உடையிலும் உணவிலும் இணங்கிய நொபிலியின் மதுரை மிஷன் சாதியிலும் இணங்கியது. உயர்சாதியாரிடம் செல்லும் குருக்கள் ஒருபுறம், ஒடுக்கப்பட்டோரிடமும் பழகக்கூடிய ‘பண்டார சாமிகள்’ மறுபுறம் என்று குருக்களிடையேயே பிரிவு ஏற்பட்டது. சேலைக்கு இணங்குவதும் தீண்டாமைக்கு இணங்குவதும் ஒன்றல்ல. இவ்வட்டாரத்துக் கிறிஸ்தவ வரலாற்றில் பின்னால் எழுந்த சிக்கல்கள் பலவும் இந்த வேறுபாட்டைக் காணத் தவறியதில் தொடங்கியவை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

19-ஆம் நூற்றாண்டில் லூத்தரன் சபையினர் இதே கேள்வியை வெளிப்படையாகவே விவாதித்தனர். லைப்சிக் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுல் 1849 முதல் 1853 வரை இந்தியாவுக்குப் பயணம் செய்து தமிழ் கற்றவர். திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்தவர். சாதியைக் கட்டாயத்தால் ஒழிக்க முடியாது, போதனையால் அது மெல்லக் கரையட்டும் என்பது அவர் நிலைப்பாடு. அப்போது வேறு சில மிஷன்கள், சமபந்தியில் உண்டால்தான் சபையில் இடம் என்று கண்டிப்புக் காட்டின. கிரவுலின் பொறுமையில் அறிவு இருந்தது, ஐயமில்லை. எனினும் அந்தப் பொறுமையின் விலையைக் கொடுத்தவர்கள் பந்தியில் இடம் மறுக்கப்பட்டவர்களே. அதே மிஷனில் பணிபுரிந்த கார்ல் ஓக்ஸ் இதை ஏற்காமல் வெளியேறி, 1860-களின் தொடக்கத்தில் தென்னார்க்காட்டு மேல்பட்டாம்பாக்கத்தில் தனிப்பணி தொடங்கினார். டேனிஷ் மிஷன் அவரோடு கைகோத்தது. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்திலுள்ள திருக்கோவிலூரில் அந்த மிஷனின் மருத்துவமனையும் எழுந்தது. ஆற்காடு லூத்தரன் திருச்சபை இந்தப் பணியில் வேர்விட்டதே.

டேனிஷ் மிஷனில் இருந்த ஆன் மேரி பீட்டர்சன் 1920-இல் அதிலிருந்து விலகினார். அவர் பரங்கிப்பேட்டையில் நிறுவிய சேவா மந்திருக்கு 1921-இல் காந்தி அடிக்கல் நாட்டினார். ஐரோப்பியப் பழக்கத்தையும் ஆட்சியாளரின் நிழலையும் நற்செய்தியிலிருந்து பிரித்துக் காட்டியவர் அவர்.

சாதிக்கு இணங்கியதன் விளைவை உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த எறையூர் காட்டியது. அங்கே தலித் கத்தோலிக்கர், பொது வழியில் சவ ஊர்வலம் செல்லவும் தடை என்று முறையிட்டு, தங்களுக்குத் தனிப் பங்குத்தளம் கேட்டனர். 2008 மார்ச்சில் பிற சாதிக் கத்தோலிக்கரோடு மோதல் வெடித்தது; காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்கள் சவப்பாதைக்காக மோதிக்கொண்ட ஊரில் சுவிசேஷம் யாருக்கு நற்செய்தியாக ஒலிக்கும்?

கல்வராயன் மலையின் சூழல் வேறு. காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத் தங்கள் தொன்மத்தைச் சொல்லும் மலையாளிப் பழங்குடியினர், சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், அரிய கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தார்களின் கீழ் வாழ்ந்தனர். 1976-இல்தான் அரசு அந்த ஜாகீர்களைக் கையகப்படுத்தியது. ஜாகீர்தார்களுக்கு ஊழியம் செய்தே பழக்கப்பட்ட மக்களிடம் அரிசி, மருந்து, பள்ளி இவற்றோடு விசுவாசத்தை ஒட்டவைத்துக் கொடுத்தால், அவர்கள் மறுக்கத் துணிவார்களா? மறுக்க முடியாதவர் தரும் சம்மதம் விசுவாசம் ஆகாது. உதவி தனியாகவும் நிபந்தனையின்றியும் போய்ச் சேர வேண்டும்.

சட்டமும் இதில் கணக்கில் வருகிறது. அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு சமயத்தைப் பரப்பும் உரிமை தருகிறது. பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மதம் மாறினாலும் பழங்குடிப் பட்டியலில் இருப்பவரின் தகுதி அதனால் மட்டும் பறிபோவதில்லை. ஆதிதிராவிடரோ கிறிஸ்தவரானால் 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதியை இழக்கிறார். தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு மாறுகிறார். அவர் பிள்ளையின் கல்லூரி இடத்தையும் வேலைவாய்ப்பையும் இது தொடும். ஞானஸ்நானத்துக்கு முன்பே இதை ஒளிக்காமல் எடுத்துச் சொல்வது ஒவ்வொரு போதகரின் கடமை.